கடைப்பிடியும் கருணையும்

தமிழாசிரியர்க்குத் தொழிலால் வந்து சேரும் குணம் ஒன்று உண்டு. அது பிழை காணும் குணம். கடைப் பலகையில் ஓர் ஒற்று மிகாதிருந்தால் நெஞ்சு உறுத்தும். அழைப்பிதழில் 'வாழ்த்துகள்' என்பது 'வாழ்த்துக்கள்' ஆகியிருந்தால் விருந்தின் சுவை குன்றும். இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையோடு வாழ்ந்தவர்க்கு இஃது இயல்பே. இக்குணம் வகுப்பறையோடு நின்றிருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. அது நம் இல்லத்து வாயிலைக் கடந்து, நோயுற்ற எம் அன்னையார் அமர்ந்திருந்த கட்டிலருகே வந்து நின்றது. ஆகவேதான், மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டியபோது, வழக்கம்போல் இலக்கிய நயம் ஒன்றைத் தேர்ந்து எழுதாமல் இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தந்தையார் கடைத்தெருவில் ஒரு சிறு துணிக்கடை வைத்திருந்தார்கள். இஷாத் தொழுகை முடிந்த பின்னரே வீடு திரும்புவார்கள். அதுவரை உம்மா உண்ண மாட்டார்கள். கிண்ணத்தில் ஆணத்தை எடுத்து மூடி வைத்துவிட்டு வாசற்படியை நோக்கியிருப்பார்கள். தந்தையார் 2011 ஆம் ஆண்டு காலமானார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2021 இல், உம்மாவின் மறதி வெறும் முதுமை மறதியன்று, அல்சைமர் என்னும் நோய் எனப் பெரிய மருத்துவமனையில் உரைத்தனர். புதிய செய்திகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியே இந்நோயில் முதலில் தளர்கிறது என்றும், நெடுநாளைய நினைவுகள் பின்னும் பல காலம் நிற்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். மாலை மயங்கும் நேரத்தில் குழப்பம் மிகும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னவாறே நடந்தது. மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் உம்மா எழுந்து வாசலுக்கு வருவார்கள்.

"தம்பி, உங்க வாப்பா கடையிலேருந்து வந்தாச்சா?"

"உம்மா, வாப்பா மௌத்தாகிப் பத்து வருஷம் ஆச்சே!"

அச்செய்தி அவர்களுக்குப் பழைய செய்தியன்று. அந்த நொடியில்தான் அதனை முதன்முதலாகக் கேட்கிறார்கள். முகம் வெளிறும். "எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று அழுவார்கள். கால்மணி நேரத்தில் அழுகை மறக்கும். அழுத காரணமும் மறக்கும். மீண்டும் எழுந்து வருவார்கள், அதே வினாவோடு. நாமும் அதே விடையைச் சொல்வோம். ஒரே மாலையில் மூன்று முறை அவர்களை நாம் கைம்பெண் ஆக்கியிருக்கிறோம்.

ஏன் அவ்வாறு செய்தோம்? பெற்ற தாயிடம் பொய் சொல்லலாகாது என்பதே அன்று நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்று எண்ணிப் பார்க்குங்கால் அது முழு உண்மையன்று எனத் தெரிகிறது. விடைத்தாளில் தவறான விடையைக் கண்ட கை என்ன செய்யுமோ, அதையே நம் நாவும் செய்தது. தொழுகையிலும் இப்படித்தான். மஃரிபுக்கு மூன்று ரக்அத் தொழ வேண்டிய இடத்தில் நான்காவதற்கு எழுவார்கள். "மூணுதான் உம்மா!" எனப் பின்னாலிருந்து குரல் கொடுப்போம். அறிவு நிலை மாறியவர் மீது கடமை இல்லை, அவர்கள் விரும்பியவாறு தொழட்டும், விட்டுவிடுங்கள் என்று எம் பள்ளிவாசல் இமாம் சொன்ன பிறகே அதனை நிறுத்தினோம். மார்க்கம் தளர்த்திய கயிற்றை மகன் இறுக்கிக்கொண்டிருந்தான்!

அந்த ஆண்டின் தேர்வுத்தாள் திருத்தும் பணிக்காலத்தில் ஒருநாள், விடைத்தாள்களோடு மல்லாடிவிட்டு, பேருந்தில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும் முன்னரே வினா வந்தது. அன்று நாம் விடை சொல்லவில்லை, கத்தினோம். என்ன கத்தினோம் என்பதை இங்கு எழுதுவதற்கில்லை. உம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, துப்பட்டியால் தலையை இழுத்து மூடி, "சத்தம் போடாதீங்க சார், நான் போயிடுறேன்" என்றார்கள்.

மாணவர் ஆயிரம் பேர் அச்சொல்லால் நம்மை அழைத்ததுண்டு. அன்றிரவு அச்சொல் உறங்கவிடவில்லை.

அடுத்த முறை மருத்துவமனை சென்றபோது, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாமல், அங்குள்ள உளவியல் ஆலோசகரிடம் இதனைச் சொன்னோம். இளவயதுப் பெண்மணி. நம் மாணவியரினும் சற்றே மூத்தவராக இருக்கக்கூடும். அறிவுரை ஏதும் கூறாமல், சிறு தட்டில் ஓர் உலர்திராட்சையை வைத்து நீட்டினார். அதனை முதலில் பார்க்கவும், விரலிடை உருட்டவும், முகரவும், நாவில் வைத்தும் கடியாமல் இருக்கவும், பின்னர் மெல்லக் கடித்து அச்சுவை பரவுவதை உணரவும் சொன்னார். நெய்ச்சோற்றில் கிடந்தால் எண்ணாமல் விழுங்கும் பொருள்! ஏழு நாள் பசித்தவர் போல அதனோடு ஐந்து நிமிடம் இருந்தோம். இது விளையாட்டா என எழுந்த சினத்தையும், "அந்தச் சினம் வருவதையும் அப்படியே பாருங்கள் ஐயா" என்றார்.

இப்பயிற்சியின் வரலாற்றைப் பின்னர்த் தேடிப் படித்தோம். மூலக்கூற்று உயிரியல் பயின்ற ஜான் கபாட்-ஜின் என்னும் அமெரிக்கர் 1979 ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதனைத் தொடங்கினார். மருந்துகளால் தீராத நெடுநாள் வலியோடு வாழ்ந்தவர்களே அங்கு முதலில் வந்தோர். எட்டு வாரப் பயிற்சி அது. மூச்சைக் கவனித்தல், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் மனத்தால் தொட்டுச் செல்லுதல், தீர்ப்புக் கூறாது நோக்குதல் ஆகியவை அதன் கூறுகள். பௌத்தத் தியான நெறியிலிருந்து பெற்றதாயினும் சமயச் சார்பின்றி மருத்துவமனைக்கென அமைத்துக்கொண்டார். இதனை எல்லா நோய்க்கும் மருந்தெனப் பறையறைவோர் உளர், அது மிகை. 47 ஆய்வுகளில் பங்குகொண்ட 3,515 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை இவ்வகைப் பயிற்சி ஓரளவு குறைக்கிறது என்றே அளவாகக் கூறுகிறது. ஓரளவு என்பதே எமக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதில் நம் தொழிற்புத்தி மீண்டும் தலைகாட்டியது. 'மனநிறைவு' என எழுதுவோர் உளர். அது வேறு பொருள். 'விழிப்புணர்வு' என்றால் தலைக்கவசப் பேரணியே நினைவுக்கு வருகிறது. மேலைநாட்டார் இன்று வழங்கும் சொல்லுக்கு மூலமான பாலிச் சொல் நினைவு என்னும் வேரிலிருந்து பிறந்தது. பௌத்தரின் எண்வகை நெறியில் இவ்வுறுப்பைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என வழங்கியுள்ளனர். கடைப்பிடி என்பதற்கு, எடுத்துக்கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்பது பழைய உரையாசிரியர் தந்த விளக்கம். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கையும் ஆடவர்க்குரிய குணங்களாக அவர்கள் வகுத்தனர். எம் வீட்டில் அந்நான்காவது குணம், நினைவு முழுதும் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. கணவர் உண்டாரா என்னும் ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. மறவாமை நோய் ஏதுமில்லாத நம்மிடம்தான் இல்லாதிருந்தது. எதிரே இருப்பவர் யார் என்பதையே நாம் மாலைதோறும் மறந்தோம்.

ஆயினும், கவனம் மட்டும் போதுமா என்ற வினா எழுந்தது. நாம் கவனக்குறைவானவர் அல்லேம். உம்மாவின் பிழை ஒவ்வொன்றையும் கவனித்தோமே! காவலரும் கவனிக்கிறார், தேர்வு அறையில் சுற்றி வரும் கண்காணிப்பாளரும் கவனிக்கிறார். இங்கேதான் வள்ளுவரின் அதிகார வைப்பு கைகொடுத்தது. அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தவர், அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். அன்பு தொடர்புடையார் மீது செல்வது. அருள் தொடர்பு நோக்காது எவ்வுயிர் மீதும் செல்வது எனப் பரிமேலழகர் வேறுபடுத்துவார். வகுப்பில் பன்முறை நடத்திய பாடம் இது. நம் தாயார் மீது நமக்கு அன்பு இருந்தது, அதில் ஐயமில்லை. அந்த அன்புதான் சினந்தது. அவர்கள் பழைய உம்மாவாக இருக்க வேண்டும் என்று அது கேட்டது. இருக்கிற நிலையில் ஏற்றுக்கொள்ளும் அருளை, முன்பின் அறியாத கிழவி ஒருத்தி வாசலில் வந்து வழி கேட்டிருந்தால் நாம் காட்டியிருப்போம். பெற்ற தாய்க்குக் காட்டவில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி முதலியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டுக் கருதத்தக்கது. பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணரப் பயின்றவர்க்கு மனவேதனை பெருகியது. அவர்களே பின்னர்க் கருணைப் பயிற்சி மேற்கொண்டபோது வேதனை குறைந்து நல்லுணர்வு மிகுந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறுபட்டன. உடன் மூழ்குவது வேறு, கரையில் ஊன்றி நின்று கை நீட்டுவது வேறு என இதனைப் புரிந்துகொண்டோம். உம்மா அழுதால் நாமும் உள்ளே அழுதோம். அந்த அழுகையைத் தாங்காமல்தான் கத்தினோம்.

ஆலோசகர் கற்பித்தது மூன்று நிமிட அளவில் அடங்குவது. வினா எழுந்ததும் விடை சொல்ல முந்தாமல், முதலில் நம்முள் என்ன நிகழ்கிறது எனக் காண வேண்டும். தொண்டை இறுகியிருக்கும், பல் கடித்திருக்கும், 'மறுபடியுமா' என்ற எண்ணம் ஓடும். அவற்றை விரட்டாமல், வந்திருக்கின்றன எனக் குறித்துக்கொண்டு, மூச்சு வந்து போவதில் சற்று நிற்க வேண்டும். அதன்பின் அக்கவனத்தை உடல் முழுதும் விரித்து, எதிரே நிற்பவரை நோக்க வேண்டும். எழுதும்போது எளிதாகத்தான் தெரிகிறது. முதல் வாரம் நம்மால் மூன்று மூச்சுகூட நிற்க இயலவில்லை.

ஒருநாள் நின்றோம். அன்றுதான் அவ்வினாவை முதன்முதலாகக் கேட்டோம் எனலாம். உம்மாவின் கண் வாசலில் இல்லை, அடுப்படியை நோக்கியிருந்தது. அவர்கள் நம்மிடம் ஒரு மரணச் செய்தியைக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, ஒருவர் இன்னும் உண்ணவில்லை என்ற கவலையைச் சொன்னார்கள். அதற்கு விடை சொல்லப் பொய் தேவைப்படவில்லை.

"வாப்பாவுக்கு என்ன ஆணம் உம்மா பிடிக்கும்?"

உம்மா அமர்ந்தார்கள். முருங்கைக்காய் போட்ட கருவாட்டு ஆணம் என்றார்கள். புளி கூடினால் வாப்பா வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். தண்ணீரை மட்டும் கூடுதலாகக் குடிப்பார்களாம். நாற்பது ஆண்டுக்கு மேலாக அவ்வீட்டில் வாழ்ந்தும் நாம் அறியாத செய்தி அது. அன்று மாலை அழுகை இல்லை.

மறுநாளும் வினா வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. இப்பயிற்சியால் வினா நிற்கவில்லை, நோயும் நிற்கவில்லை. ஏழெட்டு மாலைகள் நன்றாகச் சென்ற பின் ஒன்பதாம் மாலை மீண்டும் குரல் உயர்ந்ததும் உண்டு. அப்போதெல்லாம் நம்மை நாமே ஏசிக்கொண்டோம். அதுவும் அதே சிவப்பு மைதான் என்பதை ஆலோசகர் சுட்டினார். தன்மீது கருணை கொள்ளுதல் பற்றி 2003 முதல் எழுதிவரும் கிறிஸ்டின் நெஃப் என்னும் உளவியலாளர், தன்னிடம் கனிவு, இத்துன்பம் மாந்தர்க்குப் பொது என்னும் உணர்வு, மிகைப்படுத்தாது நோக்கும் கவனம் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகக் கூறுகிறார். இரண்டாவதே நமக்கு உதவிற்று. மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் நம்மைப் போலவே கண் சிவந்து அமர்ந்திருந்த மகன்களையும் மருமகள்களையும் அதன் பிறகுதான் ஏறிட்டுப் பார்த்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூச்சைக் கவனிப்பதனால் ஒருவரின் சுமை இருவர் சுமையாகிவிடாது. மூன்று இரவு உறங்காதவர்க்குத் தேவை பயிற்சியன்று, உறக்கம். இந்நாளில் நிறுவனங்கள் ஒருநாள் 'மன அழுத்த மேலாண்மை'ப் பயிலரங்கம் நடத்தி, தேநீரும் வடையும் தந்து, மறுநாளே மேலும் நான்கு கோப்புகளை மேசையில் வைப்பதைக் காண்கிறோம். சுமையைக் குறைக்காமல் தோளை மட்டும் பழக்குவது கருணையாகாது. கண்ணை மூடி அமர்ந்தால் பழைய அச்சங்கள் பெருகி வருவோரும் உளர்; அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. நம் அளவில், அடுத்த ஊரில் வாழும் ராத்தாவிடம், "எங்களால் தனியாக முடியவில்லை" எனச் சொல்ல இரண்டு ஆண்டு ஆயிற்று. சொன்ன வாரமே அவர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். இப்போது மாதத்தில் பத்து நாள் உம்மா அவர்கள் பொறுப்பு. இதனைக் கேட்கவும் நமக்கு ஒரு பயிற்சி வேண்டியிருந்தது என்றால் நகைப்பீர்கள்.

வகுப்பில் இதனால் பெரிய மாற்றம் நேர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஒற்றுப்பிழைக்கு இன்றும் மதிப்பெண் குறைக்கிறோம். அது மாணவர்க்கு நன்மையே. முதல் மணிநேரத்தில் தலைசாய்ந்து உறங்கும் மாணவரை எழுப்பி நிறுத்தும் முன், இரவு எங்கே இருந்தீர்கள் என ஒரு வார்த்தை கேட்கிறோம். ஒருவர் மீன் ஏற்றும் வண்டியில் என்றார். ஒருவர் கைப்பேசியில் என்றார். பின்னவருக்கு உரியது வழங்கப்பட்டது.

உம்மா இன்று நம் பெயரைச் சொல்வதில்லை. சில நாள் தம்பி என்பார்கள், சில நாள் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் பற்றிக்கொள்வார்கள். வினாவும் தேய்ந்து பாதியாகிவிட்டது. நேற்று மாலை விளக்கேற்றும் வேளையில் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "அவங்களுக்கு..." என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுந்து சென்று, கிண்ணத்தில் கொஞ்சம் ஆணத்தை எடுத்து, தட்டால் மூடி, அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு வந்து அருகில் அமர்ந்தோம்.