தொப்புள்கொடியும் மூன்று பவுன் சங்கிலியும்

மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வந்தபோது, "லேத் மெஷின் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "போன வருஷமும் அதேதாண்டா வந்துச்சு" என்று சொல்லிவிட்டார். ஆகவே மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், பத்தாம் வகுப்போடு கைகழுவிய உயிரியலைப் பற்றி எழுதத் துணிந்தேன். காரணம் என் அக்கா.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். செக்கப்புக்குப் போன நர்சிங் ஹோமில் டை கட்டிய ஒருவர் அக்காவையும் மாமாவையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். பிரசவத்தின்போது வெட்டி எறியும் தொப்புள்கொடியில் ரத்தம் இருக்கிறதாம். அதில் ஸ்டெம் செல் இருக்கிறதாம். அதை உறைய வைத்துப் பல வருஷம் பாதுகாப்பார்களாம். பின்னாளில் குழந்தைக்கு எந்தப் பெரிய நோய் வந்தாலும் அதுவே மருந்தாம். கையில் ஒரு பளபளப்பான புத்தகமும் கொடுத்தனுப்பினார். முழுக்க இங்கிலீஷ்!

கட்டவேண்டிய தொகை மாமாவின் ஐந்து மாதச் சம்பளம். அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர், அவர் கையிலும் கிடையாது. அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றி எடுத்து வந்தாள். "அடகு வச்சுக்கலாம். புள்ள உசுரு பெருசா, செயின் பெருசா?" என்றாள். பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீதானேடா படிக்கிறவன். இதப் படிச்சுட்டு, கட்டலாமா வேணாமான்னு சொல்லு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். (கணக்கில் ஓர் அரியர் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது.) அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பத்து நாள் அலைந்தேன். அகராதி, மாவட்ட மைய நூலகம், பத்தாம் வகுப்பில் அறிவியல் நடத்திய டீச்சர் வீடு... புரிந்துகொண்டதை நம் வொர்க்‌ஷாப் பாஷையிலேயே சொல்கிறேன். எம்.எஸ். ராடு ராடாக இருக்கும்வரை அது போல்ட்டும் ஆகலாம், ஷாஃப்ட்டும் ஆகலாம். மரை வெட்டிவிட்டால் அது போல்ட்தான். ஸ்டெம் செல் என்பது இன்னும் வெட்டப்படாத ராடு. ஆனால் எந்த ராடும் செய்யாத ஒரு வேலையை அது செய்கிறது. தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது!

இதில் வகைகள் உண்டு. சில நாளே ஆன கருவில் இருப்பது உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து இதைப் பிரித்து வளர்த்தார்கள். கரு அழிகிறதே என்ற சர்ச்சையும் கூடவே வந்தது.

அடுத்தது நம் உடம்பிலேயே இருப்பது. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல், நீங்கள் இதைப் படிக்கும் ஒவ்வொரு நொடியும் சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றில் கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அது தானாக வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. இதற்கு வழிகாட்டிய டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் 1986 முதல் செய்கிறார்கள்.

மூன்றாவதுதான் வேடிக்கை. ஜப்பானின் யமனாகா 2006-இல் எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதை மறுபடி ஸ்டெம் செல் ஆக்கினார். மறு வருஷமே மனிதச் செல்லிலும் செய்து காட்டினார். வெட்டிய போல்ட்டை மறுபடி ராடாக்குவது! 2012-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பது மஜ்ஜையில் உள்ள அதே ரத்தம் உண்டாக்கும் வகை. ஆகவே டை கட்டியவர் முழுப்பொய் சொல்லவில்லை. 1988-இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை வந்த ஐந்து வயதுப் பையனைத் தொப்புள்கொடி ரத்தத்தால் காப்பாற்றினார்கள். ஆனால் அது அவனுடைய ரத்தம் இல்லை, புதிதாகப் பிறந்த அவன் தங்கையுடையது. இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலசீமியா போலப் பிறவியிலேயே வரும் நோய் என்றால், அதே கோளாறு அந்தக் குழந்தையின் கொடி ரத்தத்திலும் இருக்குமே! பழுதான ராடில் வெட்டிய போல்ட் எப்படி நல்லதாகும்?

அக்காவோடு நானும் போய் அவரிடமே கேட்டேன். "அது வந்து தம்பி... மேலதிகாரிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

தன் உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஏற்கெனவே வீட்டில் ஒரு குழந்தைக்கு இத்தகைய நோய் இருந்தால் கதை வேறு. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஒருவேளை நான் புரிந்துகொண்டது தப்பாக இருந்தால்? அம்மா ஒன்றும் பேசாமல் சங்கிலியை மாட்டிக்கொண்டாள். மாமாதான் "எதிர்வீட்ல கட்டிருக்காங்களே மாப்ள" என்று ஒரு மாதம் முணுமுணுத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்து ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை விடப் பயந்தவர் யாரும் இல்லை. வெறும் சளிதான்.

போன மாதம் ஒரு ரத்ததான முகாமில் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுத்தேன். பதினெட்டு முடிந்திருந்தால் போதும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீட்டில் சொன்னதும் அம்மா, "எலும்ப அறுப்பாங்களாடா?" என்று பதறினாள். "இல்லம்மா. யாருக்காவது பொருந்தினாத்தான் கூப்பிடுவாங்க. சில நாள் ஊசி போட்டு, அப்புறம் ரத்தம் குடுக்கற மாதிரி சில மணி நேரம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூப்பிட்டா முன்னாடியே சொல்லு. வெறும் வயித்தோட போயிடாத" என்றாள்.