விலைக்கு வந்த வெற்றிடம்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை விலைக்கு வந்தால், அதில் பெரும்பகுதி வெறும் தரைதான். கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். நடுவில் வேம்பும் காய்ந்த புல்லும். எங்கள் கோயம்புத்தூரில் பட்டறை வாங்கப் போனால் லேத் எத்தனை, கம்ப்ரசர் எந்த வருஷத்து மாடல், கிரைண்டிங் மெஷின் பேரில் பேங்க் பாக்கி உண்டா என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வரலாம். இங்கே நோட்டைத் திறந்தவன் எதை எழுதுவது என்று தெரியாமல் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது மச்சானுக்காக. பம்பு உதிரிபாகம் செய்து செய்து, போட்ட பில்லுக்குப் பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்து அவருக்கு அலுத்துவிட்டது. "வருஷத்துக்கு ஒரு தீபாவளி கண்டிப்பா வருதுங்கல்ல, அப்புறமென்ன?" என்பது அவர் வாதம். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் என்னையும் இழுத்து வந்தார்.

சிவகாசிக்குள் அச்சகங்களின் மை வாசனை. வெம்பக்கோட்டைச் சாலையில் இறங்கியதும் பொட்டலும் சீமைக்கருவேலமும். மேற்கே மங்கலாகத் தெரியும் மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் பக்கமே நிறுத்திக்கொள்ள, இந்தப் பக்கம் காற்று மட்டும் வந்து சேர்கிறது. விவசாயிக்கு அது சாபம். காகிதக் குழாயையும் திரியையும் உலர்த்துகிறவனுக்கு அதுவே முதல். சாலை நெடுக ஆலை வேன்கள். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், கையில் தூக்குவாளி. பெயர்ப் பலகைகளில் எல்லாச் சாமிகளும் இருக்கிறார்கள். இந்த ஊரில் அது வியாபார உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் காவலாளி கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு மச்சானின் பாலியெஸ்டர் சட்டையைப் பார்த்து, "இது ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். செயற்கை இழை உரசினால் நிலைமின்சாரம். அந்தப் பொறி போதும். காவலாளியின் பருத்திச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான், மச்சான் தான் வாங்கப்போகிற ஆலைக்குள் நுழைந்தார். அறை வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொடுத்துவிட்டு வருவது அது. கோயிலுக்குள் போவதுபோல இருவரும் தொட்டுக் கும்பிடப் பார்த்தோம்.

சுற்றிக் காட்டிய போர்மேன் சின்ன வயதிலேயே தொழிலுக்கு வந்தவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்று விரல் மடக்கிச் சொன்னார். கலந்து சலிக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சியதை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், ஈரம் பட்ட அலுமினியத் தூள் ராத்திரி முழுக்க உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கிடக்கும். "மிச்சம் வைக்கிறதுதான் எமன். காலைல வந்து அவசரத்துல கை வச்சா முடிஞ்சுபோச்சு" என்றார்.

அடுத்த அறையில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கைகள் முழங்கை வரை வெள்ளி நிறம். பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்துவிட்டார். "சோப்புப் போட்டாலும் போகாது சார். சோத்துலயும் மினுங்கும்" என்று சிரித்தார். அந்த அறையில் நாலு பேர். அதற்கு மேல் கூடாது என்பது விதி. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றன. இரும்புக் கருவி எதுவும் கண்ணில் படவில்லை.

"ஏங்கய்யா, இத்தனை இடத்தைச் சும்மா விட்டு, இவ்வளவு தள்ளித் தள்ளியா கட்டுவாங்க?" என்று மச்சான் கேட்டார். அவர் ஊரில் சதுர அடிக்கு விலை.

"ஒண்ணு போனா அடுத்தது நிக்கணும்ல" என்றார் போர்மேன்.

தரகர் வர மதியமாகும் என்றதால் விஜயகரிசல்குளம் பக்கம் போய்வந்தோம். வைப்பாற்றங்கரை மேடு. 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை இங்கே வெம்பக்கோட்டை அகழாய்வைத் தொடங்கியது. கண்ணாடி மணிகளும், சுடுமண் காதணிகளும், பகடைக்காய்களும் வந்தன. என்னை நிறுத்தியது சங்கு வளையல்கள்; அறுத்து மிஞ்சிய சங்குத் துண்டுகளோடு கிடைத்தவை. கண்ணுக்கெட்டிய தூரம் கடல் இல்லாத இடத்துக்குச் சங்கைக் கொண்டுவந்து, அறுத்துத் தேய்த்து வளையலாக்கியிருக்கிறார்கள். சிறு தொழில் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இன்றைய பட்டாசும் அப்படித்தானே? கந்தகம் இங்கே தோண்டுவதில்லை. அலுமினியத் தூளும் வெளியிலிருந்து வருவது. தொழிலே வெளியிலிருந்து வந்ததுதான்: 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதிலிருந்து பட்டாசு. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. போரால் இறக்குமதியும் நின்றது. உள்ளூர் ஆலைகள் தழைத்தன. ஊரின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் வறண்ட காற்று, பழகிய கைகள், அப்புறம் அந்தக் காலி நிலம்.

தரகர் வந்தார். நல்ல பேச்சுக்காரர். விற்பனைக்கு இருப்பது டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆலை. மாவட்ட நிர்வாகம் தரும் சின்ன உரிமம். ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் மருந்து வைத்து வேலை செய்யக் கூடாது. அதற்கு மேலே சென்னை லைசென்ஸ், அதற்கும் மேலே நாக்பூர் லைசென்ஸ். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் அந்தப் பெயர். வானத்தில் பூப்பூக்கும் பேன்சி ரகத்தில் ஆசை இருந்தால் டி.ஆர்.ஓ. போதாது. நிலத்தைக் கிரயம் செய்தால் லைசென்ஸ் தானாகக் கைமாறிவிடாது. அதற்குத் தனியாக மனு, ஆய்வு, ஒப்புதல்.

மச்சானின் முகம் தொங்கியது. 15 கிலோவில் என்ன லாபம் பார்ப்பது?

"நீங்க எதுக்கு அண்ணாச்சி அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து கஷ்டப்படணும்?" என்றார் தரகர். "லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கட்டும். ரூமை ஆளுக்கு அஞ்சு, ஆறுன்னு பிரிச்சு விட்டுருங்க. மாசம் பொறந்தா வாடகை வந்து நிக்கும்."

நோட்டில் எழுத முதன்முதலாக எண்கள் கிடைத்தன. எழுதிப் பார்த்தேன். கணக்கு அழகாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. தீபாவளிக்குள் ஐந்து அறையில் போட்ட பணத்தை எடுக்க வேண்டியவன் நாலு பேரோடு நிறுத்துவானா? ஆள் கூடும். அறை போதாமல் வேலை வேம்படிக்கு வரும். உலர்த்தும் மேடையிலிருந்து எடுக்க நேரமிருக்காது. மிஞ்சிய மருந்தைக் கொட்டி அழிக்க மனசு வராது. அறைக்கொரு முதலாளி இருக்கையில் பக்கத்து அறையில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை இருக்காது. நாம் விலை கொடுத்து வாங்கிய இடைவெளியை வாடகைக்கு விட்டுவிடுகிறோம். அப்புறம் ஒன்று போனால் அடுத்தது நிற்காது.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலர் கையில். ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே, உரிமம் எதுவும் இல்லாமல் வீட்டில் வைத்துச் செய்த பட்டாசு வெடித்து உயிர்கள் போயின. வெள்ளிக் கைகளோடு சிரித்த அந்த அக்காவுக்கு முதலாளி யார் என்று நான் கேட்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.

சந்தை நிலவரமும் மச்சான் நினைத்ததுபோல் இல்லை. தீபாவளி வருடாவருடம் வரும். எந்தப் பட்டாசு வரும் என்பது டெல்லியில் தீர்மானமாகிறது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பும் சரவெடியும் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் காலங்காலமாக பேரியம் நைட்ரேட்டை நம்பி இருந்தவை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள். பெரிய ஆலைக்காரர்கள் தாங்கினார்கள். 15 கிலோக்காரன் ஒரு பருவம் மூடினால் மறு பருவம் திறக்கக் கடன் வேண்டும்.

மச்சான் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேன் நிற்கும் இடத்தில் தேநீர் குடித்தபோது, "வாடகைக்கு விடாம நடத்துற ஆளுக்கு இது நல்ல தொழில்தானுங்க. நாம அந்த ஆள் இல்ல" என்றார். போர்மேனைப் போல அதிகாலையில் மருந்து அறை வாசலில் நிற்க முடிந்தவர்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவும்.

நீங்கள் இந்தப் பக்கம் ஆலை விலை பேசப் போனால், பத்திரத்தைக் கேட்குமுன் அறை அறையாகப் போய் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே வாரக் கூலி கொடுப்பது யார்? எல்லா அறையிலும் ஒரே பெயர் வந்தால் மேற்கொண்டு பேசலாம். அறைக்கொரு பெயர் வந்தால், விலை எவ்வளவு சொன்னாலும், வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுங்கள்.