பெயருக்குக் கீழே ஒரு வரி

லிங்க்ட்இன்னில் 'பிரியா எஸ்' என்று தேடிப் பாருங்கள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருப்பார்கள். 'கார்த்திக் எம்' என்று போட்டால் இன்னும் மோசம். அந்தத் தளம் பெயரை இரண்டு பெட்டிகளில் கேட்கிறது. இரண்டாவது பெட்டிக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைக்கிறோம். அதனால் ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பெயர் செய்வதில்லை. படமும், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் அந்த ஒற்றை வரியும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஹெட்லைன் என்கிறார்கள் அதை. நாம் எங்கே போனாலும் கூடவே வரும். யாருக்காவது இணைப்புக் கேட்டு அனுப்பினால் அவர் பார்ப்பது படம், பெயர், அந்த வரி. யாருடைய பதிவுக்காவது கீழே கருத்து எழுதினாலும் அந்த வரியின் தொடக்கம் ஒட்டிக்கொண்டு வரும். ஆள் தேடும் மனிதவளத்துறைக்காரரின் திரையிலும் முதலில் தெரிவது அதுதான். முன்பு 120 எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது 220 வரை போகலாம். ஆனால் கைப்பேசியில் முதல் ஏழெட்டுச் சொற்களோடு வெட்டிவிடுகிறது.

நாமாக எதுவும் எழுதாவிட்டால் தளமே எழுதிக்கொள்ளும். 2003-இல் தொடங்கியபோது அது ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கான இடம். பதவி என்ன, நிறுவனம் எது என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து ஒட்டினால் வரி தயார். மாணவருக்குப் பதவியும் இல்லை, நிறுவனமும் இல்லை. எனவே 'ஸ்டூடன்ட் அட்' என்று போட்டுக் கல்லூரிப் பெயரைச் சேர்த்துவிடும். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது பேருக்கும் அதே வரி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளே நானூறுக்கு மேல் இருக்கின்றன. மீதியை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் இருக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும் என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று. அந்த வகையில் இந்த வரிகளை நிறையப் படிக்கிறேன். 'ஆஸ்பைரிங் மெக்கானிக்கல் இன்ஜினியர், பேஷனேட் லேர்னர், டீம் பிளேயர், டெக் என்த்யூசியாஸ்ட்' என்று போகும். நடுவில் நெட்டுக்குத்தாகக் கோடுகள். பைப் என்பார்கள். கணினி நிரல் எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் தொடாமல் கிடந்த அந்த விசைக்கு நம் மாணவர்களால் வாழ்வு வந்தது. ஆங்கிலத்தில் இருப்பதைத்தான் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஆங்கிலத்தில் படித்தாலும் இதற்கு மேல் ஒன்றும் விளங்காது. சாட்ஜிபிடி வந்த பிறகு பெயரடைகள் இன்னும் கொஞ்சம் பளபளப்பாகி இருக்கின்றன, அவ்வளவே. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே 'ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.' ஆகிவிட்டவர்கள் தனி இனம். அவர்களுக்கு என் இன்டர்ன்ஷிப் எதற்கு என்று புரியாமல் தாண்டிப் போய்விடுவேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பி.இ., அதற்குக் கீழே கம்பெனி பெயர், ஊர் பெங்களூரு. பெண்ணுக்கு எம்.எஸ்சி., பி.எட். தாய்மாமனுக்கு ஓய்வு பெற்ற பதவி. அங்கே அது சரி. பத்திரிகையைப் பிரிப்பவர்கள் உறவுக்காரர்கள். ஆளை ஏற்கெனவே தெரியும், அந்தஸ்தை மட்டும் அச்சில் பார்த்துக்கொள்கிறார்கள். லிங்க்ட்இன்னில் பார்ப்பவர் முன்பின் தெரியாதவர். அவருக்கு உங்கள் அந்தஸ்தால் ஆவது ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளையிடம் எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம் என்று அந்த வரி சொல்ல வேண்டும். 'டீம் பிளேயர்' என்பவரிடம் என்ன கேட்பது? எந்த டீம், என்ன ஆட்டம் என்றா?

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பையன் ஒருவன், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, கைப்பேசியை நீட்டி, "சார், இந்த ஹெட்லைனைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். மேலே சொன்ன அதே ரகம். கூடவே மூன்று ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பின் பெயர்கள். அந்த மூன்றிலும் அவன் யாரையும் நேரில் பார்த்ததில்லை. வீடியோ பார்த்து, வினாத்தாள் நிரப்பி, சான்றிதழ் இறக்கியிருக்கிறான்.

"கையால என்னப்பா செஞ்சிருக்க?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க சார்."

"லீவு நாள்ல?"

"அப்பாவுக்கு லேத் பட்டறைங்க. சும்மா கூட நிப்பேன்."

"சும்மா நின்னா மைக்ரோமீட்டர் யாரு புடிக்கறது?"

சிரித்தான். அவன்தான் பிடிக்கிறான். கிளறக் கிளற விஷயம் வந்தது. பட்டறைக்குப் பழைய மோட்டார் பம்புகளின் ஷாஃப்ட் வரும். தேய்ந்து போயிருக்கும். அந்த மாடலை நிறுவனம் நிறுத்தியிருக்கும். உதிரிபாகம் கிடைக்காது, வரைபடம் இருக்கவே இருக்காது. தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்ந்த அளவுதானே வரும்? "அப்ப நீ எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றேன். "பேரிங் நம்பரைப் பார்ப்பேங்க. 6205-ன்னா உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அங்கிருந்து புடிச்சு மத்ததைக் கணக்குப் போட்டுருவேன்" என்றான். அதோடு நிற்கவில்லை. அடுத்த முறை அதே பம்ப் வந்தால் மறுபடி அளக்க வேண்டாம் என்று ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் சாலிட்வொர்க்ஸில் வரைந்து, கணினியில் ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறான். அப்பா இப்போது அதைத் திறந்து பார்த்துத்தான் கடைசல் பிடிக்கிறாராம்.

இது ரிவர்ஸ் இன்ஜினியரிங். எங்கள் டிசைன் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். இவனிடம் இருக்கிறது, ஆனால் வரியில் இல்லை. வீட்டு வேலையை எப்படிப் போடுவது, பட்டறை என்று போட்டால் மதிப்பாக இருக்குமா என்று தயங்கினான். இந்த ஒரு தயக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊரில் எல்லோரிடமும் இருக்கும் சான்றிதழை முன்னால் வைத்துவிட்டு, தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, அதில் வீட்டு வாசனை அடிக்கிறது என்பதால், பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடம் இது அதிகம். படிப்பே அந்த வாசனையிலிருந்து தப்பிக்கத்தான் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம் இல்லையா.

கடைசியில் இப்படி எழுதினோம்: 'மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, கோவை | பழைய பம்ப் ஷாஃப்ட்டுகளை அளந்து சாலிட்வொர்க்ஸில் வரைபடமாக்குகிறேன் | டிசைன் இன்டர்ன்ஷிப் தேடுகிறேன்'. பைப்பை விட மனமில்லை அவனுக்கு, இருந்துவிட்டுப் போகட்டும். இதில் ஒரு பெயரடைகூட இல்லை. 'பழைய' என்பது இருக்கிறது, அது பம்புக்கு.

பெற்றோரிடமிருந்து வேறொரு தடை வரும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாமா, அடக்கம் வேண்டாமா என்பார்கள். அதற்கு நான் பவணந்தி முனிவரைத் துணைக்கு அழைப்பதுண்டு. எங்கள் கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. நன்னூல் பாயிரத்தில் அவர் முதலில் கறாராகத்தான் சொல்கிறார்: எவ்வளவு அரிய நூலைச் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது, ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணவரோ உரைகாரரோதான் பாயிரம் சொல்ல வேண்டும். லிங்க்ட்இன்னில் 'ரெக்கமண்டேஷன்' என்ற பகுதிக்கு இதைவிட நல்ல விதி எழுத முடியாது. ஆனால் உடனே விலக்கும் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி இகழும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேலைக்கு மனுப் போடும் மாணவனுக்கு முதல் இரண்டும் அப்படியே பொருந்தும். நேர்முகத்தில் சில கேள்வியாளர்களைப் பார்த்திருக்கிறேன், நான்காவதும் பொருந்தும்.

பொறியியலுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உறவில் ஒரு பெண், சிவகாசியில் பி.காம். படிக்கிறாள், 'காமர்ஸ் ஸ்டூடன்ட்' என்று மட்டும் போட்டிருந்தாள். அவள் ஒரு சின்ன அச்சகத்தின் கணக்கைப் பார்க்கிறாள். காலண்டர் சீசனில் பில்கள் குவியும் நேரத்திலும் மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் 3பி என்று தவறாமல் தாக்கல் செய்கிறாள். 'பி.காம். | டாலி, ஜி.எஸ்.டி. | அச்சகம் ஒன்றின் மாதாந்திரத் தாக்கலைச் செய்து வருகிறேன்' என்று மாற்றச் சொன்னேன். ஆடிட்டர் அலுவலகம் எதற்கும் இது போதும்.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்குத்தான் நிஜமான சிக்கல். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? தமிழில் எழுதினால் இடம் சீக்கிரம் தீரும். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கில் வைக்கும் கணினிக்கு ஐந்து. தேடுகிறவர்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்ப்பு, துணைத்தலைப்பு எழுதுதல் என்று செய்யும் வேலையின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், கடைசியில் ஒரு துண்டு தமிழில் இருக்கட்டும் என்பது என் கட்சி. அந்தத் துண்டில் ஒற்றுப்பிழை இல்லாமல் இருந்தாலே பாதி நேர்முகம் முடிந்த மாதிரி. விக்கிமூலத்தில் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதை 'ஹாபி' என்ற தலைப்பில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள் சில. எழுத்தைத் தடிமனாகவும் சாய்வாகவும் மாற்றித் தரும் இணையக் கருவிகள் வழியாக ஹெட்லைனை அலங்கரிக்கிறார்கள். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே அல்ல, யூனிகோடில் கணிதத்துக்கென வைத்திருக்கும் குறிகள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதில் தடுமாறும். ராக்கெட் படம் வேண்டாம்; இஸ்ரோவில் இருந்தால் யோசிக்கலாம். தொலைபேசி எண்ணை அந்த வரியில் போடவே கூடாது, பெண் பிள்ளைகள் குறிப்பாக. வேலை தேடுகிறேன் என்று காட்டப் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வைக்க வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, 'ஆக்டிவ்லி சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' என்று வரியைத் தொடங்கினால் வெட்டுப்படாமல் தெரியும் அந்த ஏழெட்டுச் சொற்களில் பாதி போய்விடுகிறது.

இவ்வளவையும் சென்னையில் மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் நண்பரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்கு இன்டர்ன்ஷிப்புக்கு வர்றது பத்துப் பேர், உட்கார்ந்து படிப்பீங்க. எங்களுக்கு வர்ற கூட்டத்தை முதல்ல தேடுபொறிதான் சலிக்குது. ஜாவா, ரியாக்ட், எஸ்.க்யூ.எல்.-னு சொல் இருந்தா வருவான், இல்லேன்னா வரமாட்டான். கதை எல்லாம் அப்புறம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று சொல்லும் எல்லோரிடமும் இருக்குமே, சலித்த பிறகும் மிஞ்சுகிற கூட்டத்தில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "அதுல ஒருத்தன் எதையாவது செஞ்சிருந்தா அவனைத்தான்" என்றார். இதைத்தானே நானும் சொல்கிறேன் என்றால், இல்லை, வரிசை வேறு என்கிறார்.

பையனின் வரியில் இப்போது சாலிட்வொர்க்ஸ் முன்னால் போயிருக்கிறது, பழைய பம்ப் நடுவில். 'லேத் பட்டறை, பகுதிநேரம்' என்பது அனுபவப் பகுதியில் தனியாக ஏறியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் கேட்கும் பெட்டியில் என்ன போடுவதென்று அப்பாவைக் கேட்டானாம். பெயர்ப்பலகையே இல்லாத பட்டறை அது. குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, கூடவே 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னாராம்.