தீக்குச்சியின் மிச்சம்

ஒரு மரம் வளர ஆண்டுகள் பல வேண்டும். அம்மரத்தில் பிறந்த தீக்குச்சி எரிந்து முடியச் சில நொடிகளே போதும். ஆயினும், வெட்டிய மரம் முழுவதும் தீக்குச்சி ஆகிவிடுவதில்லை. எஞ்சிய பகுதி என்னாகிறது? விடையைச் சிவகாசியில் காணலாம்.

சிவகாசி, வானம் பார்த்த கரிசல் நிலம் சூழ்ந்த ஊர். அவ்வூரினரான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். மறு ஆண்டே ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். தொழில் தழைத்தது, ஆனால், அதற்குரிய மரம் அவ்வறண்ட மண்ணில் தழைக்கவில்லை. மட்டி முதலிய மென்மரங்கள் பெரும்பாலும் கேரளத்திலிருந்தே வரவழைக்கப்பட்டன. அரிதிற் பெற்ற பொருளை வீணாக்க யாருக்கு மனம் வரும்?

மரத்துண்டின் பட்டையை முதலில் உரிப்பர். பின்னர், அதனைச் சுழலவிட்டுக் கூரிய கத்தியால் மெல்லிய தகடாகச் சீவுவர். தகடுகளை அடுக்கி நறுக்கினால் குச்சிகள் கிடைக்கும். உரித்த பட்டை, சீவ இயலாத நடுக்கட்டை, கிழிந்த தகடு, முறிந்த குச்சி ஆகிய யாவும் கழிவுகளே. எனினும், அவை குப்பைமேட்டிற்குரியவை அல்ல. ஆலையின் அடுப்பிற்கும் வீட்டின் அடுப்பிற்கும் அவை நல்ல விறகாகும். முன்னாளில் பெட்டியும் மரத்தகட்டாலேயே செய்யப்பட்டது. பின்னர் அட்டை அவ்விடத்தைப் பெற்றது. அதன் நறுக்குகளைக் கூழாக்கி மீண்டும் அட்டையாக்கலாம்.

ஆனால், எல்லாக் கழிவும் ஒரு தன்மையன அல்ல. பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம் முதலியன கலந்த மருந்தில் நுனி தோய்ந்தபின், குச்சி வெறும் மரமன்று. அஃது உறங்கும் நெருப்பு. அத்தகைய குச்சிகள் விறகோடு கலந்து அடுப்படிக்குச் சென்றால், சோறு சமைக்க வேண்டிய தீ வீட்டையே உண்டுவிடும் அன்றோ? ஆதலின், மருந்து பட்ட கழிவையும் படாத கழிவையும் தனித்தனியே சேர்த்தல் வேண்டும். மரத்தூளையும் தேங்கவிடாது அன்றாடம் அகற்றுதல் வேண்டும்.

மாலையில் தொழிற்கூடத்தைப் பெருக்கும் பெண்ணின் கையில் இருப்பது ஒரு துடைப்பமே. ஆனால், எதனை விறகுக் கூடையில் இடுவது, எதனை விலக்குவது என்னும் அவளுடைய அறிவில் பலருடைய உயிர் அடங்கியிருக்கிறது. கழிவைப் பயனாக்குவது சிக்கனம். கழிவின் இயல்பறிந்து பிரிப்பது விவேகம். இவ்விரண்டும் இணைந்த இடத்திலேயே தொழில் நலம் பெறும்.