விறைப்பு வேற, மயக்கம் வேற

படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து டவுனுக்குப் பல்லுக் கழட்ட வாறவங்களுக்கு ரெண்டு பயம். ஒண்டு ஊசி, மற்றது செலவு. ஊசி போடுறவர் எதுக்குப் படிச்சவர் எண்டு நாங்கள் ஒருத்தரும் கேட்கிறதில்லை.

விறைப்பு ஊசி பல் வைத்தியர் எல்லாரும் பட்டப்படிப்பிலேயே பழகுறது. அதுக்கு, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா எண்டு பார்த்தால் போதும். (பதியாமலே கதிரை போட்டு நடத்துறவங்கள் தனிக்கதை.) மயக்கம் அப்படியில்லை. லேசாகக் கண்ணயர வைக்கக் கொடுத்த மருந்தே சிலரை ஆழ்ந்த மயக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். நாக்கு பின்னால் விழும், மூச்சு அடைபடும். பல் வேலை நடக்கிறதும் அதே வாய்க்குள்ளதான்.

வேடிக்கை என்னவென்றால், மயக்க மருந்தை உலகத்துக்குக் கொண்டுவந்ததே பல் வைத்தியர்கள்தான். 1844இல் ஹொரஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவை முகர்ந்து தன்னுடைய பல்லையே கழட்டுவித்தார். 1846இல் மோர்டன் பொஸ்டனில் ஈதரைச் செய்து காட்டினார். ரெண்டு பேரிட்டயும் அதுக்கொரு சான்றிதழ் இருக்கவில்லை!

இன்றைக்கு அமெரிக்காவில் மாநிலங்கள் மயக்கத்துக்கெனத் தனி அனுமதிப்பத்திரம் கொடுக்கின்றன. பெரியவர்களுக்கு மிதமான மயக்கம் கொடுக்கவே 60 மணித்தியாலப் படிப்பும் 20 நோயாளிகளில் பயிற்சியும் வேண்டும் என்கிறது அங்குள்ள பல் மருத்துவச் சங்கம். சிறுபிள்ளைக்கு ஆழ்ந்த மயக்கம் என்றால் பல்லைப் பார்ப்பவர் வேறு, மூச்சைப் பார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில், கிளினிக் கதிரைகளில் பிள்ளைகள் இறந்த பிறகு, 2001 முடிவோடு பல்லுக்கான முழு மயக்கத்தை வைத்தியசாலைக்குள் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் நாங்கள் தேடி வாசித்தது எங்களில் ஒருத்தியின் அக்காட மகனுக்காக. நாலு வயசு, நாலு சொத்தைப் பல்லு, கதிரையில் ஏறவே மாட்டான். ஒரு தனியார் இடத்தில் "மயக்கி வச்சு ஒரே நாளில முடிக்கலாம்" எண்டாங்க. மருந்து குடுக்கிறது ஆர், மூச்சைப் பார்க்கிறது ஆர் எண்டு அக்காவைக் கேட்கச் சொன்னோம். "பயப்படாதீங்க அக்கா, நாங்க எத்தின பேருக்குக் குடுத்திருக்கம்" எண்டதுதான் பதில். அது கணக்கு, தகுதியில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். திகதி கிடைக்க ரெண்டு மாசம். அதுவரைக்கும் பிள்ளை ஒரு பக்கத்தாலதான் சப்பினான். அக்கா எங்களோட சரியாகக் கதைக்கவுமில்லை. தியேட்டருக்கு முன்னால் மயக்க மருந்து டொக்டர் வந்து கேட்டார்: சளி இருக்கா? நித்திரையில குறட்டை விடுவானா? கடைசியா எத்தின மணிக்குச் சாப்பிட்டவன்? தனியார் இடத்தில் இதில் ஒண்டையும் கேட்கவில்லை எண்டு அக்கா அப்பதான் சொன்னா.