மேலேறும் கிராஃபைட்

கோவையில் எஸ்.ஜி. அயர்ன் (உருண்டைக் கிராஃபைட் கொண்ட வார்ப்பிரும்பு) வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் கணினி அறை. திரையில் கனமான ஒரு காஸ்டிங்கின் வெட்டுமுகம். ஓரங்கள் முதலில் நீலமாயின; நடுப்பகுதி வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. "கடைசியா உறையற இடம் இதுங்க. ரைசர்ல இருக்கற உருகின இரும்பு இதுக்குத் தீனி கொடுத்தா குழி விழாது" என்றார் பொறியாளர். சுருக்கக் குழியைக் கண்டுபிடிக்க இந்தப் படம் உதவும். ஆனால் இந்தக் கணக்கில், உறைந்த துகள் பிறந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை.

அசைகிறது என்பதைப் பரிசோதனை அறையில் பார்த்தேன். பழைய காஸ்டிங் ஒன்றின் மேல்முகத்திலிருந்து அறுத்த துண்டு மைக்ரோஸ்கோப்பின் கீழ் இருந்தது. மேல் விளிம்பை ஒட்டி கிராஃபைட் உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. சில உருண்டைகள் உடைந்து சிதறியும் இருந்தன. கீழே போகப்போக இடைவெளி சீரானது. கார்பன் ஈக்விவலென்ட் (கார்பனோடு சிலிக்கானின் பங்கையும் சேர்த்த அளவு) 4.3-ஐத் தாண்டினால், இரும்புக்கு முன்பே கிராஃபைட் பிறந்துவிடும். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2 கிராம், சுற்றியுள்ள உருகிய இரும்புக்கோ ஏறத்தாழ 7. மேலேறாமல் என்ன செய்யும்? உருண்டையின் விட்டம் இரட்டித்தால் ஏறும் வேகம் நான்கு மடங்காகும். மெல்லிய சுவர் சீக்கிரம் உறைந்து உருண்டைகளைப் பிடித்துவிடும். கனத்த சுவரில் அவற்றுக்கு நேரம் கிடைக்கிறது.

மறுபடி கணக்குக்கு வருவோம். உறையும் பகுதியை, திரவம் கசியும் பஞ்சுபோலக் கருதும் கணக்கை 1987-இல் ஆய்வாளர்கள் வாலரும் பிரகாஷும் வெளியிட்டார்கள். துகளின் அசைவையும் சேர்க்க, திடத்துக்கும் திரவத்துக்கும் தனித்தனி வேகம் கொடுக்கும் மாதிரி வேண்டும்; அப்படி ஒன்றை 1991-இல் நி (Ni), பெக்கர்மேன் ஆகியோர் முன்வைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டும் எவ்வளவு, எந்தத் திசையில் நகர்கின்றன, ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று கணக்கிட வேண்டும். துகள்கள் எந்த அளவு நெருங்கினால் பூட்டிக்கொண்டு நிற்கும் என்ற எண்ணையும் நாம்தான் கொடுக்க வேண்டும். எனக்குப் பெரும் கவலை அந்த எண்தான். அதைச் சற்று மாற்றினாலே, துகள் சேரும் அடுக்கின் கனம் மாறிவிடும். வண்ணப்படம் மட்டும் அதே அழகோடு இருக்கும்.

மோல்டிங் தளத்தில் மூத்த தொழிலாளி ஒருவர், "மெஷினிங் பண்ற முகத்தைக் கீழ்ப்பெட்டியில போடுங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க" என்றார். கசடும் மேலேதானே ஏறும். அந்த அனுபவம் இங்கும் பொருந்துகிறது.

கார்பனைக் குறைத்துக் கணக்கை மறுபடி ஓட்டப்போவதாகச் சொன்ன பொறியாளர், வார்த்ததும் மேல், நடு, கீழ் மூன்று உயரங்களில் அறுத்து உருண்டைகளை எண்ணும்படி பரிசோதனை அறைக்குச் சீட்டு எழுதினார்.