தமிழாசிரியனிடம் வந்த கணக்கு

கணிதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்தது. ஆதலின், பொறியியற் பீடத்திலே முதலாம் ஆண்டிற் பயிலும் நம் மாணவனொருவன் சென்ற ஆண்டு விடுமுறையில் ஏகபரிமாண அட்சரகணிதக் குறிப்புப் புத்தகத்துடன் என் வீட்டு வாயிலில் நின்றபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. அப்பாடத்தில் அவன் சித்தியெய்தவில்லை. "சேர், கணக்குச் செய்ய முடிகிறது. என்ன செய்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமோ என்றிருக்கிறது" என்றான். கணித ஆசிரியரிடம் செல்ல வெட்கம் போலும். அவரிடம் பயின்று அதிவிசேட சித்தி பெற்றவனன்றோ!

ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தல் புதியதன்று. எண்களை அடுக்கி வைத்துத் தீர்க்கும் முறை ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே சீனரின் கணித நூலில் உளது. தாயங்களைப் பெருக்குதலை நம் பதினோராந் தரச் சிறுவரும் அறிவர். இடர் அங்கன்று. பாடசாலையிலே காவி என்பது பருமனும் திசையும் உடையதோர் அம்புக்குறி. பல்கலைக்கழகத்திலோ, கூட்டலுக்கும் எண்ணாற் பெருக்கலுக்கும் உரிய சில விதிகளுக்கு அமைவன யாவும் காவிகளே. பல்லுறுப்பியும் காவி, சார்பும் காவி. 1888 இல் இத்தாலிய அறிஞர் பெயானோ வகுத்த வழி இது. பழகிய சொல் பழைய பொருளைத் துறந்து நிற்கிறது. அதன்மேலும், தமிழிற் பயின்று சென்றவன் அனைத்தையும் ஆங்கிலத்திற் கேட்கிறான்.

காவிகள் ஒன்றையொன்று சாராமை என்பதன் வரைவிலக்கணத்தை ஆங்கிலத்திலே பிசகின்றி ஒப்புவித்தான். தமிழிற் சொல் என்றேன். "எண்கள் யாவும் பூச்சியமாயின், அவற்றாற் காவிகளைப் பெருக்கிக் கூட்டப் பூச்சியம் வரும்" என்றான். புத்தகத்தைப் பார்த்தேன். "கூட்டுத்தொகை பூச்சியமாயின், எண்கள் யாவும் பூச்சியமாதல் வேண்டும்" என்பதே அங்கிருந்த பொருள்.

"தம்பி, மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருந்தால் மழை பெய்ததென்று கொள்ளலாமோ?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் (1, 2, 3), (4, 5, 6), (7, 8, 9) என மூன்று நிரைகளை எழுதினான். முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி, இரண்டாவதின் இருமடங்கைக் கழித்தான். எல்லாம் பூச்சியம். பெருக்கிய எண்களோ 1, −2, 1. பூச்சியமல்லாத எண்களாலேயே பூச்சியம் வந்துவிட்டது. ஆகவே இவை சார்ந்தவை. "இதே கணக்கைப் பயிற்சியிற் செய்து புள்ளியும் பெற்றேன், சேர்" என்றான்.

எனக்கு மகிழ்ச்சியினும் உறுத்தலே பெரிதாயிற்று. வரைவிலக்கணத்தைப் பொருள் வினவாது ஒப்புவிக்க அவனைப் பழக்கியவன் நானே. வினையெச்சம் யாது எனில் ஒரே மூச்சிற் கூறுவான்; பாராட்டினேன். அவன் எழுதிய வாக்கியத்தில் அஃது எங்கே நிற்கிறதென ஒருநாளும் கேட்டேனல்லேன்.

பின்னர் நானும் சிறிது தேடிப் படித்தேன். இக்கருத்துகளுட் பலவற்றை 1844 இலேயே நூலாக்கிய கிராஸ்மன் என்பார் பிரசியாவிலே ஒரு பள்ளி ஆசிரியர். அந்நூலை அக்காலக் கணித அறிஞர் பெரும்பாலும் பொருட்படுத்திலர். அவர் மொழியாராய்ச்சியிலும் இறங்கி, இருக்குவேதத்துக்கு ஓர் அகராதி செய்தார். கணிதத்துக்கு அஞ்சிய தமிழாசிரியனுக்கு இதனினும் உவப்பான செய்தி வேறுளதோ!

மாணவன் படிப்பை விடவில்லை. மீளத் தோற்றிய பரீட்சையின் பெறுபேறு இன்னும் வெளிவரவில்லை. இப்பொழுது என் வகுப்பிலே, ஒப்புவித்து முடித்தவனை நான் உடனே இருக்க விடுவதில்லை. கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி, "எங்கே, காட்டு" என்கிறேன்.